ஆறாவது கேசட்

இத்தாலி தேசத்துக்கு வெளியே, இத்தாலி மொழியில் 'காப்பாத்துங்க' என்று கத்தினால் ஒரு தெருவே எழுந்து ஓடி வரக்கூடிய ஊர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் செஞ்சி. அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் படித்தவர் இல்லை, ஊர் சுற்றியவரும் இல்லை. பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடி உடைந்து மேலே விழும், பின்சீட்டில் உட்கார்ந்தால் பின்னால் வரும் லாரி இடிக்கும் என்று, திண்டிவனம் வரைக்கும் நடுவில் நின்றுகொண்டே போகிறவர். அவர் பெயர் ஆயிட்டா.

அது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இல்லை. அந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை, "எதுனா ஆயிட்டா?" என்பதுதான். டீ குடிக்க வாங்க என்றால், "சூடா இருந்து நாக்குக்கு எதுனா ஆயிட்டா?" மழை வரும் போலிருக்கு என்றால், "வந்து எதுனா ஆயிட்டா?" மழை வராது போலிருக்கு என்றாலும் அதே கேள்விதான். கேட்டுக் கேட்டுத் தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது.

தொழில் மைக்செட். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். கரண்ட்டோடு பழகுகிற தொழிலில் இவ்வளவு பயந்த ஆள் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வட்டாரத்திலேயே ஷாக் அடிக்காத ஒரே மைக்செட்காரர் அவர்தான். ஒயரைத் தொடுவதற்கு முன்னால் செருப்பு மேல் செருப்பு போட்டுக்கொள்வார். மற்றவர்கள் ஒரு கயிற்றில் கட்டுகிற ஸ்பீக்கரை இவர் மூன்று கயிற்றில் கட்டிவிட்டு, அதற்கு நேர் கீழே யாரையும் உட்கார விடமாட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமனையே நாற்காலியோடு நகர்த்தியவர்.

அவர் கடைக்கு நேர் எதிரே எங்கள் நைனாவின் நோட்டுப் புத்தகக் கடை. பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். "ரெண்டு கோடு நோட்டு இருக்குதா?" என்று கேட்டால் எடுத்து மேசை மேல் வைப்பேனே தவிர, 'இருக்கு' என்று சொல்லமாட்டேன். கூச்சம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். ஆயிட்டாவுக்கு ஒரே தங்கை, லூர்து. கன்னியாஸ்திரி ஆகப் போகிறேன் என்று ஒரு சபையில் சேர்ந்தது. சபை லூர்துவை இத்தாலிக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. போய் ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது நித்திய வார்த்தைப்பாடு, அதாவது சாகும்வரைக்கும் இந்த வாழ்க்கைதான் என்று கோயிலில் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்கிற சடங்கு. அதற்கு வீட்டு மனிதர்கள் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். லூர்துவுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, அண்ணன் மட்டும்தான். சபையே டிக்கெட் எடுத்துத் தருகிறது, ஒருத்தர் வரலாம் என்று பங்குச் சாமியார் வந்து சொன்னார்.

ஆயிட்டா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். நாங்கள் எல்லாரும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பயத்திலேயே பெரிய பயம் அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கூடவே ஒரு டப்பாவும் வந்திருந்தது. லீவுக்கு ஊர் வந்த ஒரு சிஸ்டர் மூலமாக லூர்து அனுப்பியது. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இத்தாலி பாஷை கற்றுக்கொள்கிற கேசட்டுகள், ஆறு. ஒரு வெள்ளைக்காரர் தூங்கி எழுந்த குரலில் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு ஒரு அம்மாள் அதையே இத்தாலியில் சொல்வார். பிறகு நாம் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் சும்மா ஓடும்.

"நீ கத்துக்கணும்னு அவசியம் இல்லப்பா. மெட்ராஸ்ல இருந்து அந்த சிஸ்டரே உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயி, கூட்டிக்கிட்டு வந்துடுவாங்க. சும்மா ரெண்டு வார்த்தை தெரிஞ்சா நல்லதுதானேன்னு தங்கச்சி அனுப்பியிருக்குது" என்றார் சாமியார்.

"அந்த சிஸ்டரு தொலஞ்சிட்டா?"

சாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி. மொதல் கேசட்ல இருந்து ஆரம்பி. வணக்கம் சொல்லக் கத்துக்க. நன்றி சொல்லக் கத்துக்க."

"வணக்கத்துக்குக் கை இருக்குது சாமி. நன்றிக்குப் பல்லு இருக்குது, காட்டினா போதும். நல்லா இருக்கிறப்ப பாஷை எதுக்கு? ஆபத்துலதான் பாஷை வேணும். அது எந்தக் கேசட்டு?"

அது ஆறாவது கேசட். தீப்பிடித்தல், திருட்டு, வழி தவறுதல், ஆஸ்பத்திரி. மற்ற ஐந்தையும் ஆயிட்டா பிரிக்கவே இல்லை. மேலே சுற்றிய கண்ணாடித் தாளோடு அலமாரியில் வைத்துவிட்டு, ஆறாவதை மட்டும் எடுத்தார்.

சாதாரண மனிதர் என்றால் காதோரம் டேப்பை வைத்துத் தனியாகக் கற்றுக்கொள்வார். இவர் மாடிக்கு ஏறி, குழாய் ஸ்பீக்கரை மூன்று கயிற்றில் கட்டி, தெருவைப் பார்த்துத் திருப்பினார். பல வருஷம் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருந்து அவர் காது கொஞ்சம் மந்தம், அது ஒரு காரணம். உண்மையான காரணத்தை எதிரே பாத்திரக்கடை வைத்திருந்த பாய் கேட்டு வாங்கினார்.

"யோவ், நீ போறதுக்கு நாங்க எதுக்குய்யா படிக்கணும்?"

"நான் மறந்துட்டா பாய்? தெருவுல யாருக்குனா ஒருத்தருக்கு ஞாபகம் இருக்கும்ல?"

"நீ இத்தாலில இருப்ப. நாங்க செஞ்சில இருப்போம். அங்க மறந்தா இங்க எப்பிடிய்யா வந்து கேப்ப?"

"அப்ப நீங்க இன்னும் நல்லா படிக்கணும் பாய்" என்றார் ஆயிட்டா.

தினமும் சாயங்காலம் பாடம். அவருக்கு இங்கிலீஷ் வராது. பாய்க்கும் வராது. தெருவில் இங்கிலீஷ் என்று ஏதோ படித்திருந்தது நான் ஒருத்திதான் என்று நைனா பெருமையாகச் சொல்லிவிட்டார். அதனால் தினமும் நான் அவர் கடைப் படியில் போய் நிற்க வேண்டும். வெள்ளைக்காரர் சொல்வதற்குத் தமிழில் அர்த்தத்தை நான் முணுமுணுப்பேன். "இன்னா? கேக்கல" என்பார் ஆயிட்டா. மறுபடி முணுமுணுப்பேன். "மைக்ல சொல்லும்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்று மைக்கை நீட்டுவார். நான் இரண்டு படி இறங்கிவிடுவேன். கடைசியில் என் உதட்டை உற்றுப் பார்த்து அவரே புரிந்துகொண்டு, கல்யாண மண்டபத்தில் அறிவிப்புச் செய்கிற குரலில் ஊருக்குச் சொல்வார்:

"ஐயூத்தோ! ஐயூத்தோ! அதாகப்பட்டது, காப்பாற்றுங்கள்! காப்பாற்றுங்கள்!"

முதல் நாள் அதைக் கேட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து நாலு பேர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில் தெருவுக்கே பாடம் மனப்பாடம். முனையில் இட்லி சுடுகிற ராணிம்மாவுக்கு 'அல் லாத்ரோ' என்ற வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. 'திருடன், பிடிங்க' என்று அர்த்தம். கோட்டைப் பக்கமிருந்து வருகிற குரங்குகள் இட்லியைத் தூக்கும்போதெல்லாம், "அல் லாத்ரோ! அல் லாத்ரோ!" என்று கரண்டியோடு துரத்துவார். தமிழில் திட்டினால் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுத் தின்கிற குரங்குகள், இத்தாலியில் திட்டியதும் ஒரு நிமிஷம் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தன. பிறகு தின்றன. பாய் கடையில் அடுக்கிய அண்டா சரிந்தால் அவர் வாயில் முதலில் வருவது 'ஐயூத்தோ'தான்.

பக்கத்து ஊர் வல்லத்தில் நடந்த கல்யாணம்தான் பெரிய கூத்து. அந்த ஆறாவது கேசட்டை ஆயிட்டா எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவார். கடையில் வைத்துவிட்டு வந்து, கடை எரிந்துவிட்டால்? அதனால் அன்றைக்கு நாதஸ்வரக் கேசட்டுகளோடு அதுவும் பையில் இருந்தது. ஐயர் ஹோமத்தில் நெய்யை விட்டார், நெருப்பு எழுந்தது, 'கெட்டி மேளம், கெட்டி மேளம்' என்று கை காட்டினார். ஆயிட்டா அவசரத்தில் கேசட்டைப் போட்டுப் பட்டனை அமுக்கினார். அந்த வெள்ளைக்காரர் நிதானமாக, "ஃபயர்! ஃபயர்!" என்றார். கூடவே அந்த அம்மாள், "அல் ஃபுவோக்கோ!"

வல்லத்தில் இத்தாலி யாருக்கும் தெரியாது. ஆனால் ஃபயர் தெரியும். பந்தலில் பாதிப் பேர் வயல் வரப்பைத் தாண்டிவிட்டார்கள். முதல் பந்தி இலையில் பாயசம் அப்படியே நின்றது. மாப்பிள்ளை மட்டும் ஓடவில்லை. தாலியின் ஒரு முனை அவர் கையில், இன்னொரு முனை பெண்ணின் கழுத்தில். அந்த நிலையிலேயே முடிச்சைப் போட்டுவிட்டார். பெண் வீட்டார் ஆயிட்டாவை அடிக்க வந்தார்கள். அவர் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கேசட்ட கடைல வெச்சிருந்து, கடைக்கு எதுனா ஆயிட்டா?" என்று கேட்டார். அடிக்க வந்தவர்கள் ஓங்கிய கையை இறக்கிவிட்டுப் பாயசத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

பயணம் நெருங்கியது. ஏரோப்ளேன் உயரத்தில் பறக்கும், உயரம் பழக வேண்டும் என்று பாய் ஒரு யோசனை சொன்னார். பிறந்ததிலிருந்து செஞ்சியில் இருக்கிற ஆயிட்டா ராஜகிரிக் கோட்டையில் ஏறியதே இல்லை. வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்து ஏறுகிற மலையைக் கீழே நின்று பார்த்து, "பாறை உருண்டுட்டா?" என்று கேட்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே சேர்ந்து அவரை ஏற்றியது. எங்கள் நைனா முன்னால், பாய் பின்னால், நடுவில் ஆயிட்டா, கடைசியில் நான். உச்சிக்குப் பக்கத்தில் பிளந்து கிடக்கிற பள்ளத்தின் மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அதில் நாலு எட்டு வைத்தவர் கீழே பார்த்தார். உடனே பாலத்தின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஐயூத்தோ! ஐயூத்தோ! ஓ பெர்ஸோ இல் பாஸ்ஸபோர்த்தோ! தோவே லோஸ்பெதாலே!" என்று அலறினார். காப்பாற்றுங்கள், பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, ஆஸ்பத்திரி எங்கே?

மேலே பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதறி ஓடி வந்தார்கள். அந்த அம்மாள் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அந்த ஐயா அவர் காலைப் பிடித்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். இறங்கும்போது ஆயிட்டாவின் முகத்தில் வெற்றி.

"பாத்தியா பாய்? வேலை செய்யுது!"

"யோவ், அவங்க பிரெஞ்சுக்காரங்க. நீ கத்தின கத்தலுக்கு செத்தவன்கூட வந்திருப்பான்."

"வந்தாங்கல்ல? பாஷைன்னா அதான்."

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. ஆஸ்பத்திரிப் பாடத்தில் மூன்று வாக்கியம் வரும். "குவெஸ்தா ஏ மியா சொரெல்லா. ஆ பவூரா. நோன் லா லாஷி ஸோலா." இவள் என் தங்கை. இவளுக்குப் பயமாக இருக்கிறது. இவளைத் தனியாக விட்டுவிடாதீர்கள். அந்த இடம் வந்ததும் ஆயிட்டா கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போடுவார். மறுபடி. டேப் சிக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டால், பேனாவை விட்டுச் சுற்றி உள்ளே அனுப்பி, திரும்பவும் அங்கேயே வருவார். ஆபத்து என்றால் அவருக்குத்தானே வரப்போகிறது, இந்த வாக்கியம் எதற்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை. நான் எதைக் கேட்டேன்?

ராணிம்மாதான் ஒரு நாள் சொன்னார். "உனக்குத் தெரியாதா? லூர்து கொழந்தையா இருக்கச்சொல்ல இடின்னா நடுங்கும். அம்மா இல்லாத பொண்ணு. இவன் இன்னா பண்ணுவான் தெரியுமா? மழக்காலத்துல மேகம் கறுத்தாலே எல்லா பிளக்கையும் புடுங்கிப் போட்டுட்டு ஓடுறவன், இடி இடிச்சா மட்டும் ஆம்ப்ளிஃபயரப் போட்டு, பாட்டைச் சத்தமா வெச்சுடுவான். இடி அதுக்குக் கேக்கக்கூடாதாம். மின்னல் வந்து ஒயர்ல எறங்குனா இவந்தான் மொதல்ல போவான். தெருவே திட்டும். காதுலயே வாங்கமாட்டான்."

எதிர்க்கடையை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தேன். அவர் இரண்டு செருப்பு போட்டுக்கொண்டு பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

புறப்படுகிற நாள் வந்தது. காலை பஸ்ஸில் மெட்ராஸ். அங்கே மடத்தில் அந்த சிஸ்டர் காத்திருப்பார், மறுநாள் விமானம். பாய் தன் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன டேப்ரெக்கார்டரைக் கொடுத்து, "கோயில்ல நடக்கிறதெல்லாம் புடிச்சிக்கிட்டு வா, நாங்களும் கேக்கணும்" என்றார். ராணிம்மா இட்லி கட்டிக் கொடுத்தார். பங்குச் சாமியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். பஸ் கிளம்பியது. ஆயிட்டா நடுவில் நின்றுகொண்டே போனார்.

மத்தியானம் எதிர்க்கடைக் கதவு திறந்தது. பெட்டியோடு ஆயிட்டா.

நேராகப் போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். மைக்கை இரண்டு தட்டு தட்டினார். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே. சில தவிர்க்க முடியாத காரணங்களால் இத்தாலிப் பயணம் ரத்து செய்யப்படுகிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்."

தெரு கூடிவிட்டது. பாய் கையில் பாத்திரத்தோடே வந்தார். "இன்னாய்யா தவிர்க்க முடியாத காரணம்?"

"திண்டிவனம் வரைக்குமே பஸ்ஸு ஆடுது பாய். தரைல போறதே இந்த ஆட்டம் ஆடினா, மேல போறது? எதுனா ஆயிட்டா?"

"அங்க அந்தப் பொண்ணு ஒன்னையே பாத்துக்கிட்டு இருக்கும்டா, பாவி" என்றார் ராணிம்மா.

"வேணாம்மா. என்னால முடியல. கால் நிக்கல." யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பங்குச் சாமியார் வந்தார், திட்டினார், கெஞ்சினார். சாயங்காலம் இன்னொரு பஸ் இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்றார். ஆயிட்டா தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. படியில் ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்னவோ சொன்னேன்.

"இன்னா? கேக்கல."

மறுபடி சொன்னேன்.

"கேக்கலம்மா." பழக்கத்தில் மைக்கை நீட்டினார். அது ஆனில் இருந்தது. தெரு முழுக்க என்னைப் பார்த்தது. எங்கள் நைனா கடையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இந்தத் தடவை நான் படி இறங்கவில்லை.

"அண்ணே," என்றேன். என் குரல் மாடியிலிருந்து என் மேலேயே விழுந்தது. "கோயில்ல எல்லாப் பொண்ணுக்கும் வீட்டு ஆளுங்க வந்து உக்காந்திருப்பாங்க. லூர்து திரும்பிப் பாக்கும். அப்ப… யாரும் இல்லாமப் போயிட்டா?"

அந்தப் 'போயிட்டா' ஊருக்கு அந்தப் பக்கம் நிற்கிற கிருஷ்ணகிரி மலையில் போய் முட்டி ஒரு தடவை திரும்பி வந்தது. வாழ்நாள் முழுக்க அவர் எல்லாரையும் கேட்ட கேள்வியை அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. ஆயிட்டா என்னையே பார்த்தார். ஒயரைச் சுற்றிய கை நின்றது. முகம் வெளுத்தது. பஸ்ஸுக்குப் பயந்த பயம் வேறு, இது வேறு. ஏரோப்ளேனைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்ததும், சின்னப் பயம் எழுந்து இடம் விட்டது.

"சாயங்கால பஸ்ஸு எத்தினி மணிக்கி?" என்றார்.

போய்விட்டார். பிறகு ஒரு மாதம் எங்கள் தெருவில் பாடமும் இல்லை, பாட்டும் இல்லை. எந்த ஏரோப்ளேன் மேலே போனாலும் பாய் கடையை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். ராணிம்மா கோயில் பக்கம் போகாதவர், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். யாராவது ஆயிட்டாவைப் பற்றிக் கேட்டால், "அந்தக் கொரங்கு ஊர் போயி சேர்ந்துச்சோ இல்லியோ" என்பார். நானும் நைனாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, மூடியிருந்த எதிர்க்கடைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதுனா ஆயிட்டா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெரு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தது. அவர் பயம் எங்கள் எல்லாருக்கும் தொற்றிவிட்டது.

ஒரு நாள் திரும்பி வந்துவிட்டார். கொஞ்சம் இளைத்திருந்தார். கழுத்தில் ஒரு மப்ளர். ஏரோப்ளேன் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "நடுவுல நிக்க விடமாட்டேன்ட்டாங்க" என்றார். மாடிக்குப் போய் மூன்று கயிற்றில் ஸ்பீக்கரைக் கட்டினார். பாயின் டேப்பிலிருந்த கேசட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் போட்டார். தெரு வந்து நின்றது.

முதலில் மணிச் சத்தம். பிறகு பாட்டு, பெண்கள் குரல், பெரிய கட்டடத்துக்குள் ஓடி ஓடித் திரும்புகிற மாதிரி. ஒரு பெண் தனியாக ஏதோ சொன்னது. அது லூர்துவின் குரல் என்று ராணிம்மா சொன்னார். பிறகு சாப்பாட்டுச் சத்தம், தட்டு, கரண்டி, சிரிப்பு. அப்புறம் வயதான ஒரு அம்மாளின் குரல், பக்கத்தில் வந்து ஏதோ கேட்டது. மடத்துப் பெரிய தாயாராம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஆயிட்டாவுக்கு வணக்கமும் தெரியாது, நன்றியும் தெரியாது, சந்தோஷம் என்றும் சொல்லத் தெரியாது. அவர் கையில் இருந்ததெல்லாம் தீ, திருடன், ஆஸ்பத்திரி.

பிறகு அவர் குரல், மைக் டெஸ்டிங் செய்கிற குரலில், அந்த இடத்தையே அமைதியாக்கி:

"குவெஸ்தா ஏ மியா சொரெல்லா. ஆ பவூரா. நோன் லா லாஷி ஸோலா."

எங்கள் தெருவில் யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குரங்கைத் துரத்துகிற கரண்டியைக் கையில் வைத்திருந்த ராணிம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாய் பாத்திரத்தின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை. "தனியா விட்டுடாதீங்கன்றான்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

கேசட்டில் லூர்து தமிழில், "அண்ணே, எனக்கு எங்க பயம்? நீதாண்ணே நடுங்குற" என்று சிரித்தது. சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அப்போது அந்தப் பெரிய தாயார் மெதுவாக ஒன்று சொன்னார். இரண்டே வார்த்தை. அதோடு கேசட் முடிந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்றார் பாய்.

"தெரியல பாய்" என்றார் ஆயிட்டா. "அது ஆறாவது கேசட்ல இல்ல."

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் மற்ற ஐந்து கேசட்டின் கண்ணாடித் தாளும் பிரிந்தது. சாயங்காலப் பாடம் மறுபடி ஆரம்பித்தது. இப்போதுதான் எங்கள் தெரு இத்தாலியில் காலை வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டது. ஒரு காப்பி கொடுங்கள் என்று கேட்கக் கற்றுக்கொண்டது. மழை நின்றுவிட்டது, வெயில் அடிக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆயிட்டா பெரிய தாயாரின் கேசட்டைப் போட்டு ஒத்துப் பார்ப்பார். "இது இல்ல. அடுத்தது." ராணிம்மா குரங்குகளுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது கேசட், ரயில்வே ஸ்டேஷன் பாடம். ரயில் வரவில்லையே என்று ஒரு பிரயாணி பதறுகிறார். ஸ்டேஷன் மாஸ்டர் பதில் சொல்கிறார்: "ஸ்தியா த்ரங்குவில்லோ."

ஆயிட்டா துள்ளி எழுந்தார். பெரிய தாயாரைப் போட்டார். அதே வார்த்தைகள். மறுபடி போட்டார். அதேதான். பாய் கடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"இன்னாம்மா? அர்த்தம் இன்னா?"

சொன்னேன்.

"கேக்கல."

மைக்கை அவர் நீட்டவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

"கவலைப்படாதீங்க," என்றேன், தெரு முழுக்கக் கேட்கும்படி. "கவலைப்படாதீங்கன்னு சொல்லியிருக்காங்கண்ணே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மப்ளரை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, இந்த மனிதருக்கு ஆயுசு முழுக்க இருந்த பயம் தீர்ந்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்த சமயத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"அவங்க சும்மா சொல்லியிருந்தா?"

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பெரியவர்களாகி, பள்ளிக்கூட விழா, மாதர் சங்கம் என்று எத்தனையோ இடத்தில் மைக்கை நீட்டியிருக்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். வாழ்க்கையில் நான் மைக்கில் பேசியது இரண்டு தடவைதான். ஒன்று அவரைப் பயமுறுத்த, இன்னொன்று அவருக்குத் தைரியம் சொல்ல. எதிர்க்கடையில் அவர் உட்கார்ந்து, "இன்னா? கேக்கல" என்று இன்னொரு தடவை சொன்னால், மூன்றாவது தடவையும் பேசுவேன்.